மதுரைப் பக்கம் ஓடும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு டயர் எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தார், ஜிம்னி, கூர்க்கா, ஃபார்ச்சூனர் என்று ஏதாவது ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியவர்கள் அடுத்து காசு போட நினைப்பது பெரும்பாலும் டயரில்தான். படங்களில் பெரிய பெரிய பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டை) வைத்த முரட்டு டயரைப் பார்த்ததும் மனசு அங்கேயே போய் நின்றுவிடும். ஆனால் அந்தப் படம் எடுத்த மண் வேறு, நம் மண் வேறு. மதுரையிலிருந்து கிளம்பி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் செம்மண் வண்டிப்பாதை, கரிசல், கருங்கல் சரளை, ஆற்று மணல், மலை ரோடு எல்லாம் வந்துவிடும், வழியெல்லாம் சீமைக்கருவை முள் கிடக்கும், மே மாதம் தார் ரோடு கொதிக்கும். டயர் இவ்வளவையும் தாங்க வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியில் வண்டி ஓட்டும் பெரும்பாலானவர்களுக்குக் கம்பெனி கொடுத்த சைஸிலேயே, சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) கெட்டியான ஒரு நல்ல ஏ.டி டயர் (ஆல் டெரெய்ன், ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவானது) போதும். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல காற்று கேஜும் சின்ன கம்ப்ரஸரும் வாங்குங்கள். இதற்கு விதிவிலக்கானவர்களும் உண்டு, நீங்கள் அதில் ஒருவரா என்பது கீழே போகப் போகத் தெரியும்.

முதல் வேலை: வண்டி எங்கே ஓடுகிறது என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, போன ஒரு வருஷத்தில் வண்டி போன இடங்களை எழுதுங்கள். போக ஆசைப்படும் இடங்கள் வேண்டாம், உண்மையில் போன இடங்கள் மட்டும். திருநெல்வேலி, திருச்சி, சென்னை என்று நான்குவழிச் சாலையில் எத்தனை கிலோமீட்டர், ஊருக்குள் எத்தனை, தோட்டத்துக்கும் தோப்புக்கும் மண் பாதையில் எத்தனை, மலை ரோட்டில் எத்தனை. எழுதிப் பார்த்தால் பலருக்கும் தார் ரோடுதான் முக்கால்வாசிக்கு மேல் வரும். வாரம் முழுக்க ஊருக்குள் ஓட்டிவிட்டு மாதத்தில் ஒரு நாள் சிறுமலைக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவருக்கும், உசிலம்பட்டி பக்கம் தோட்டத்துக்குத் தினமும் மழையிலும் வெயிலிலும் போகிறவருக்கும் ஒரே டயர் சரிவராது.

அடுத்து, அந்தப் பட்டியலில் உள்ள மோசமான பாதை எது என்று குறியுங்கள், அங்கே மழைக்காலத்திலும் போயே தீர வேண்டுமா என்பதையும் சேர்த்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் போகாமல் இருக்க முடியும் என்றால் டயர் தேர்வு பாதி எளிதாகிவிடும்.

நம் மண்ணைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்

செம்மண் பாதை, அதாவது அழகர்மலை அடிவாரம், நத்தம் ரோடு, வாடிப்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகும் வழி, பெரிய தொல்லை தராது. காய்ந்திருக்கும்போது எந்த டயரும் போகும். மழை பெய்தால் மேல் பூச்சு வழுக்கும், அடியில் கெட்டியாக இருக்கும், அந்த மேல் பூச்சை வெட்டிக்கொண்டு கீழே பிடிக்கும் அளவுக்குப் பட்டன் இருந்தால் போதும். ஏ.டி டயர் இதற்காகவே செய்தது மாதிரி நடந்துகொள்ளும்.

கரிசல் வேறு சமாச்சாரம். திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி, அப்படியே விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கம் போனால் இந்த மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கல் மாதிரி கிடக்கும், நல்ல மழை பெய்தால் பசை. டயர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பட்டன் இடைவெளியெல்லாம் அடைத்துக்கொள்ளும், அதற்கப்புறம் நீங்கள் போட்டிருப்பது என்ன பிராண்டாக இருந்தாலும் மொட்டை டயர்தான். இங்கே பட்டன் எவ்வளவு உயரம் என்பதைவிட, பட்டன்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் கணக்கு. வயலில் நிற்கும் டிராக்டரின் பின்சக்கரத்தைப் பாருங்கள், சாய்வான கட்டைகள் தள்ளித் தள்ளி இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது, சக்கரம் சுற்றும்போது சேறு தானாக வெளியே விழும். எம்.டி டயரும் (மட் டெரெய்ன், சேற்றுக்கென்றே செய்த முரட்டு டயர்) இந்த முறையில்தான் வேலை செய்கிறது, ஆனால் சேற்றை உதற அதற்கும் கொஞ்சம் வேகமான சுற்று வேண்டும். கரிசல் காட்டுக்கு மழைக்காலத்திலும் தினமும் போயே ஆக வேண்டும் என்பவர்தான் நான் மேலே சொன்ன விதிவிலக்கு, அவர் எம்.டி பற்றி யோசிக்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்வது, கரிசலில் நல்ல மழை பெய்தால் ரெண்டு மூன்று நாள் மண் காயட்டும், அதுவரை கண்மாய்க் கரை மேலே சுற்றிப் போங்கள். கரிசல் சில இடங்களில் ஆழமானது, அடியில் பிடிப்பதற்குக் கெட்டித் தரையே சிக்காது, எந்த டயரும் வண்டியை அச்சு வரை இறக்கிவிடும்.

மேலூர், கீழவளவு, கொட்டாம்பட்டிப் பக்கம் கருங்கல். குவாரி ரோடுகளிலும் அவற்றை ஒட்டிய பாதைகளிலும் கிடக்கும் உடைகல்லுக்கு விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். இங்கே டிரெட்டை (தரையைத் தொடும் பட்டன் பகுதி) விட சைடுவாலுக்குத்தான் ஆபத்து. டிரெட்டில் ஏறிய ஆணியை எந்தப் பஞ்சர் கடையிலும் சரிசெய்துவிடலாம், சைடுவால் கிழிந்தால் அந்த டயர் முடிந்தது. யாராவது ஒட்டித் தருகிறேன் என்றாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஓடும்போது மடங்கி நிமிர்ந்துகொண்டே இருக்கும் இடம் அது.

மணல் என்றால் தனுஷ்கோடிப் பக்கமும் தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி என்னும் செம்மணல் மேடுகளும். அரிச்சல்முனை வரை 2017-லேயே தார் ரோடு வந்துவிட்டதால் டயருக்கு அங்கே இப்போது பெரிய வேலை இல்லை. மணலைப் பற்றிப் பலருக்கும் உள்ள நினைப்பு, முரட்டு டயர் போட்டால் நன்றாகப் போகும் என்பது. மணலில் அது தோண்டும். காற்றைக் குறைத்து, டயர் படியும் பரப்பைக் கூட்டி, மேலே மிதந்து போக வேண்டும், அதற்குச் சாதாரண ஏ.டி டயரே எம்.டி-யைவிட நன்றாக ஒத்துழைக்கும்.

கடைசியாக மலை. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகள், மேகமலை, கொடைக்கானல், எல்லாம் தார் ரோடு, ஆனால் மூடுபனியும் மழையும் சேர்ந்தால் ஈரத் தாரில் பிரேக் பிடிப்பதுதான் உயிர் காக்கும் விஷயம். இங்கே எம்.டி டயர் பின்தங்கிவிடும். பட்டன் பெரிதாக, இடைவெளி அதிகமாக இருப்பதால் தாரைத் தொடும் ரப்பர் குறைவு, தண்ணீரைக் கிழிக்கும் மெல்லிய கோடுகளும் அதில் குறைவு, அதனால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். குடும்பத்தோடு மலைக்குப் போகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே எம்.டி வேண்டாம் என்று முடிவெடுத்தால் அது நல்ல முடிவு.

அப்புறம் ஒரு விஷயம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டி இறக்குவது குற்றம். ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம், மேலூர் அருகே அரிட்டாபட்டி 2022 முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். நல்ல டயர் இருக்கிறது என்று புல்வெளியையும் ஓடையையும் உழுதுவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

ஹெச்.டி, ஏ.டி, எம்.டி: எது யாருக்கு

ஹெச்.டி என்பது ரோட்டு டயர். சத்தம் இருக்காது, டீசல் மிச்சம், நீண்ட நாள் ஓடும். ஜிம்னி ஷோரூமிலிருந்து வரும்போது இந்த வகைதான் போட்டு வருகிறது. காய்ந்த செம்மண் வரை சமாளிக்கும். ஈரமான களிமண்ணில் கையை விரித்துவிடும்.

ஏ.டி ரோட்டு டயருக்கும் எம்.டி-க்கும் நடுவே. ஆனால் ஏ.டி என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே மாதிரி இல்லை, சில டயர்கள் பெயருக்கு ஏ.டி, உள்ளே ரோட்டு டயர். கண்டுபிடிக்க ஒரு வழி, டயரின் தோள்பட்டையைப் பாருங்கள், அதாவது டிரெட் முடிந்து சைடுவால் தொடங்கும் விளிம்பு. அந்த விளிம்பில் பட்டன் வெட்டுவெட்டாகத் திறந்து, சைடுவாலின் மேல் பகுதி வரை இறங்கி இருந்தால் அது மண்ணுக்கும் செய்தது. விளிம்பு மழமழவென்று மூடி இருந்தால் ரோட்டுக்குத்தான். எம்.ஆர்.எஃப் வாண்டரர், அப்பல்லோ ஆப்டெர்ரா, சியட் கிராஸ்டிரைவ், யோகோஹாமா ஜியோலாண்டர், பிரிட்ஜ்ஸ்டோன் டூலர் என்று கடையில் கேட்கும் பெயர்கள் பல, ஒரே பெயருக்குள்ளேயே ரோட்டு வகையும் மண் வகையும் உண்டு. பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் என்ன வரும் என்று சொல்ல முடியாது, முழுப் பெயரையும் சைஸையும் எழுதிக் கொடுங்கள்.

எம்.டி பற்றிச் சொல்லிவிட்டேன். ரோட்டில் ஓங்காரச் சத்தம், சீக்கிரம் தேய்மானம், கூடுதல் எரிபொருள், ஈரத் தாரில் நீண்ட பிரேக். இதையெல்லாம் தெரிந்தே, தேவை இருந்து வாங்குகிறவருக்கு அது அருமையான டயர். ஏ.டி-க்கும் எம்.டி-க்கும் இடைப்பட்ட ஆர்.டி என்ற வகையும் இப்போது சிக்குகிறது. ஏ.டி-யைவிட முரடு, எம்.டி-யைவிடப் பேசாமல் ஓடும், ஆனால் நம் சைஸ்களில் எல்லாம் கிடைக்காது.

சைஸ்: ஆசையை அடக்க வேண்டிய இடம்

டயர் பக்கவாட்டில் 245/75 ஆர்16 என்று இருக்கும். 245 என்பது அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் சைடுவால் உயரம் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் ரேடியல், 16 ரிம்மின் விட்டம் அங்குலத்தில். கணக்குப் போட்டால் 245-இல் 75 சதவீதம் சுமார் 184 மி.மீ, அது மேலும் கீழும் ரெண்டு தடவை, அதோடு ரிம் 406 மி.மீ, மொத்தம் சுமார் 774 மி.மீ விட்டம். இந்தக் கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பழகிக்கொண்டால் கடையில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

இப்போது தார் வண்டிக்கு இதையே 265/75 ஆர்16 ஆக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் சுமார் 804 மி.மீ, முப்பது மி.மீ கூடுகிறது. ஆனால் தரைக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள உயரம் அதில் பாதிதான், பதினைந்து மி.மீ ஏறும், ஏனென்றால் மீதிப் பாதி அச்சுக்கு மேலே போய்விடுகிறது. இந்தப் பதினைந்து மி.மீட்டருக்கு என்ன விலை கொடுக்கிறோம்? டயர் கனமாகிறது, பிரேக் அதிகம் உழைக்கிறது, கியர் உயர்ந்த மாதிரி ஆகி மேட்டில் வண்டி திணறும், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கணக்குப்படி 104 ஓடும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசலாம். தார் வண்டியில் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது, கனமான டயர் மாட்டினால் அந்தக் கதவின் கீல்களுக்கும் சுமை. ஜிம்னியின் 195/80 ஆர்15-ஐ 215/75 ஆர்15 ஆக்குகிறவர்கள் உண்டு, அங்கே விட்டம் பத்து மி.மீ சொச்சம்தான் கூடும், அது தாங்கக்கூடியது. 235/75 ஆர்15 வரை போனால் கிட்டத்தட்ட ஆறு சதவீதம், அந்தச் சின்ன எஞ்சினுக்கு அது பெரிய பாரம்.

அகலமும் அப்படித்தான். அகலமான டயர் என்றால் பிடிமானம் என்று நினைப்போம், மழையில் செம்மண் பூச்சை வெட்டிக் கெட்டித் தரையைத் தொடக் குறுகிய டயர்தான் தோதானது. மணலில் மட்டும் அகலம் கைகொடுக்கும்.

ரிம் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் அழுத்தமானது. மண்ணுக்கும் கல்லுக்கும் சின்ன ரிம், உயரமான சைடுவால்தான் நல்லது. தார் வண்டியின் 255/65 ஆர்18 டயருக்கு சைடுவால் சுமார் 166 மி.மீ, 245/75 ஆர்16-க்கு 184 மி.மீ. அந்தப் பதினெட்டு மி.மீ கூடுதல் ரப்பர்தான் காற்றைக் குறைக்கும்போது டயர் விரிய இடம் கொடுக்கிறது, கல்லில் இடித்தால் ரிம் நெளியாமல் காக்கிறது. அலங்காரத்துக்காக ரிம்மைப் பெரிதாக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சின்ன ரிம்முக்கு மாறுவதாக இருந்தால், பிரேக் காலிப்பர் இடிக்காமல் உட்காருகிறதா என்று வண்டியில் வைத்துச் சுற்றிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் டயரையும் பார்ப்பார். உங்கள் மாடலின் வேறு வேரியன்ட்டில் கம்பெனியே போடும் சைஸுக்குள் நிற்பது நிம்மதி.

பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

சைஸுக்குப் பக்கத்தில் 111எஸ், 112டி மாதிரி ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் ஒரு டயர் தாங்கும் எடை: 100 என்றால் 800 கிலோ, 108 என்றால் 1000 கிலோ, 112 என்றால் 1120 கிலோ. எழுத்து வேகம்: கியூ 160, எஸ் 180, டி 190, ஹெச் 210 கிலோமீட்டர். பழைய டயரில் இருந்ததைவிட எடை எண் ஒருபோதும் குறையக் கூடாது. தோட்டத்துக்கு உர மூட்டை ஏற்றுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

சைஸுக்கு முன்னால் எல்.டி என்று இருந்தால் அது லைட் டிரக் வகை, கூடுதல் கெட்டி, கூடுதல் கனம். அதே எடையைச் சுமக்க அதற்குக் காற்றும் சில பி.எஸ்.ஐ (காற்றழுத்த அளவு) கூடுதலாக வேண்டும். கருங்கல்லிலும் முள்ளிலும் தினமும் ஓட்டுகிறவருக்கு எல்.டி நல்லது, ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு இருக்கை தூக்கித் தூக்கிப் போடும்.

இன்னும் சின்ன எழுத்தில் டயர் எதனால் ஆனது என்று பல டயர்களில் இருக்கும். டிரெட்டில் இத்தனை அடுக்கு பாலியஸ்டர், இத்தனை ஸ்டீல், இத்தனை நைலான், சைடுவாலில் இத்தனை அடுக்கு என்று. சாதாரணமாக சைடுவாலில் ஒன்று அல்லது இரண்டு அடுக்குதான், மூன்று இருந்தால் அந்த டயர் கல்லுக்கென்றே செய்தது. செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து நன்றாகத் தெரியும். விற்பவர் சொல்வதைவிட அந்த ஒரு வரியை நம்பலாம்.

சில டயர்களில் டெம்பரேச்சர் என்று போட்டு ஏ, பி அல்லது சி என்று இருக்கும், வேகமாக ஓடும்போது சூட்டை எவ்வளவு தாங்கி வெளியே தள்ளும் என்ற அளவு. மே மாதத்தில் நான்குவழிச் சாலையில் மணிக்கணக்கில் ஓடும் வண்டிக்கு பி-க்குக் கீழே போக வேண்டாம். ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள், இந்தியாவில் விற்கும் டயருக்கு அது கட்டாயம்.

முள்ளுக்குத் தனியாக ஒரு பேச்சு

வேலிக்கருவை, சீமைக்கருவை, என்ன பெயர் சொன்னாலும் அந்த முள்தான் இந்தப் பகுதியில் டயருக்கு முதல் எதிரி. வேலி வெட்டிப் போட்ட காய்ந்த கிளை பாதையில் கிடக்கும், மேலே ஏறினால் முள் நேராக உள்ளே போய் உடைந்து நின்றுகொள்ளும். டியூப்லெஸ் டயரில் உடனே காற்று இறங்காது, முள்ளே அடைப்பு மாதிரி இருந்து நாலைந்து நாளில் மெதுவாக இறங்கும். அதனால் ஒரு சக்கரத்தில் மட்டும் வாரத்துக்கு மூன்று நான்கு பி.எஸ்.ஐ குறைகிறது என்றால் முள்ளைத் தேடுங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கருப்பாக ஊசிமுனை அளவு தெரியும் இடத்தில் குமிழி வரும். பாதையில் நிற்கும்போது முள்ளைப் பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் அங்கேயே இறங்கிவிடும். ஸ்டெப்னி, ப்ளக் கிட் (பஞ்சர் அடைக்கும் சாமான்), கம்ப்ரஸர் கையில் இருக்கும் இடத்தில் பிடுங்குங்கள்.

இதற்காக டயரில் பார்க்க வேண்டியது ரெண்டு. பட்டன்களுக்கு அடியில் ரப்பர் எவ்வளவு தடிமன் என்பது ஒன்று, இதில் ஏ.டி டயர் ரோட்டு டயரைவிட மேல். சைடுவால் அடுக்கு மற்றொன்று. எம்.டி-யில் பட்டன் இடைவெளி அகலம் என்பதால் முள் அந்த இடைவெளி வழியே நுழைய இடம் அதிகம் என்பதையும் கவனியுங்கள், முரட்டு டயர் போட்டால் முள் ஏறாது என்று சொல்ல முடியாது. பாதி தேய்ந்த டயரில் முள் சுலபமாக இறங்கும், ஆகவே முள்ளுக்காட்டுக்குப் போகிறவர் 1.6 மி.மீ என்ற தேய்மானக் குறி வரும் வரை காத்திருக்காமல் கொஞ்சம் முன்னாடியே மாற்றிவிடுவது நல்லது.

கடையில்

மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் டயர் தொழிற்சாலையே வைத்திருக்கிற ஊர் இது. ஆனால் அந்த டி.வி.எஸ் ஸ்ரீசக்ரா நிறுவனம் பெயர் பெற்றது இருசக்கர, மூன்றுசக்கர வண்டி டயர்களுக்கும் விவசாய இயந்திர டயர்களுக்கும்தான். நம் சைஸுக்கு பைபாஸ் ரோடு, காளவாசல் பக்கம் ரெண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். டயர் விலை, மாட்டுக்கூலி, பேலன்சிங், அலைன்மென்ட், வால்வு, ஜி.எஸ்.டி எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகக் கேளுங்கள், இல்லையென்றால் பில்லில் ஒவ்வொன்றாக முளைக்கும். பழைய டயருக்கு என்ன கழிப்பார்கள் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

டயரை எடுத்து வைத்ததும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "அண்ணே, வாரம் வருஷம் காட்டுங்க." டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள், 1825 என்றால் 2025-ஆம் வருஷம் 18-வது வாரம் தயாரித்தது. ஒரு பக்கத்தில்தான் முழுசாக இருக்கும், அதனால் புரட்டிப் பாருங்கள். அஞ்சுக்கும் பாருங்கள், ஒன்று மட்டும் பழசாக நுழைந்துவிடும். ஆறு மாதம் வரை பரவாயில்லை, ஒரு வருஷம் தாண்டியதை விலை குறைத்தாலும் நான் எடுக்க மாட்டேன். வெயிலில் நிற்கும் வண்டியின் டயர் இங்கே தேய்வதற்கு முன்பே காய்ந்து வெடிப்பு விடுகிறது, அந்த ஆயுளில் ஒரு வருஷத்தைக் கடைக்காரரின் குடோனுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

அஞ்சு டயரா, நாலா? அஞ்சு. முடியவில்லை என்றால் நாலு, பழையதில் நல்லது ஒன்றை ஸ்டெப்னியாக வைக்கலாம், விட்டம் ஒன்றாக இருக்கும்பட்சத்தில். ரெண்டு மட்டும் மாற்றும் யோசனையைப் பின்வீல் டிரைவ் வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர் வீலில் போடும்போது முன்னாலும் பின்னாலும் விட்டம் வேறு வேறாக இருந்தால் ஒரே தூரத்துக்கு முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு சுற்று சுற்றும், அந்த வித்தியாசம் முழுக்க டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போய் இறுகும். தார், ஜிம்னி, கூர்க்கா மாதிரி நடு டிஃபரன்ஷியல் (முன், பின் அச்சுகளை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) இல்லாத வண்டிகளில் கெட்டித் தரையில் ஃபோர் வீல் போடக் கூடாது என்பதும் இதே காரணம்தான். ரீபட்டன் போட்ட டயர் இந்த வண்டிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

மாட்டும்போது நில்லுங்கள்

டீ குடிக்கப் போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். வால்வு புதிதாகப் போடச் சொல்லுங்கள். அவுட்சைடு என்று எழுதியிருந்தால் அது வெளியே வர வேண்டும், சுழல் அம்புக்குறி இருந்தால் திசை பார்க்க வேண்டும். ரிம்மின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் பழைய சேற்றையும் துருவையும் துடைத்த பிறகே டயர் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் காற்று கசியும். நட்டை ஏர் கன்னால் மட்டும் முறுக்கி அனுப்பினால் விடாதீர்கள், டார்க் ரெஞ்சில் மேனுவலில் உள்ள அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள், அப்புறம் ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை நீங்களே சரிபாருங்கள். புதிய டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் வளைவிலும் பிரேக்கிலும் நிதானம்.

காற்று: பாதி ஆஃப்ரோடு இதில்தான்

டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவுதான் ரோட்டுக்கு. டயரில் எழுதியிருக்கும் பெரிய எண் டயர் தாங்கும் உச்சம், அதை அடிக்கச் சொல்லும் அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையில் வண்டி எடுக்கும் முன்பு அளக்க வேண்டும். சூடேறிய டயரில் அழுத்தம் கூடித்தான் இருக்கும், ஆறு டிகிரிக்குச் சுமார் ஒரு பி.எஸ்.ஐ என்று ஏறும். மத்தியானம் கேஜில் அதிகமாகக் காட்டுகிறது என்று காற்றை விட்டுவிட்டால் மறுநாள் காலை குறைவாகத்தான் ஓடுவீர்கள், குறைவான காற்றோடு கோடையில் நான்குவழியில் வேகமாகப் போவதுதான் டயர் வெடிப்பதற்கு நேர்வழி.

மண்ணில் இறங்கும்போது குறைக்கலாம். சரளைப் பாதைக்கும் குண்டுங்குழிக்கும் 25 பி.எஸ்.ஐ பக்கம், மணலுக்கு 16 முதல் 18. ஈரச் செம்மண்ணில் இருபது சொச்சம். பதினைந்துக்குக் கீழே சாதாரண ரிம்மில் போக வேண்டாம், திருப்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். கல்லில் ரொம்பக் குறைத்தால் சைடுவால் உப்பி வெளியே வந்து வெட்டு வாங்கும், அதனால் மேலூர்ப் பக்கத்து உடைகல்லில் 25-க்குக் கீழே நான் போகச் சொல்ல மாட்டேன். காற்றைக் குறைத்த வண்டியை நாற்பதுக்கு மேல் விரட்டாதீர்கள். தார் ரோடு வந்ததும் நிறுத்தி, திரும்ப அடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், அடுத்த பெட்ரோல் பங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. முதலில் சொன்ன கம்ப்ரஸர் இதற்குத்தான். நன்கு தெரிந்த பாதையிலும் நான் இப்படித்தான் செய்யச் சொல்வேன், ஹெச்.டி டயரைக்கூட 20 பி.எஸ்.ஐ-க்கு இறக்கினால் அது போகும் தூரத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்.

ஓட்ட ஆரம்பித்த பிறகு

எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை டயர்களை இடம் மாற்றுங்கள், ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்தால் அஞ்சும் ஒன்றாகத் தேயும், ஸ்டெப்னி பின்கதவில் வெயிலில் காய்ந்தே வீணாவதும் நிற்கும். பெரிய குழியில் விழுந்தால் அலைன்மென்ட் பாருங்கள். ஏ.டி டயரில் ஒரு பக்கப் பட்டன் மட்டும் படி மாதிரி தேய்ந்து, ஓடும்போது ஊளைச் சத்தம் வந்தால் இடம் மாற்றத் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம்.

மண் பாதையிலிருந்து வந்த அன்றே, முடிந்தால் இருட்டும் முன்பு, ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்றிப் பாருங்கள். பட்டன் நடுவே சிக்கிய கல்லைத் திருப்புளியால் எடுத்துவிடுங்கள், விட்டால் அது ஓட ஓட உள்ளே இறங்கும். சைடுவாலில் கையை ஓட்டிப் பாருங்கள், கொப்புளம் மாதிரி புடைப்பு இருந்தால் உள்நூல் அறுந்திருக்கிறது, அந்த டயரை ஸ்டெப்னிக்குக்கூட வைக்காதீர்கள். உள்பக்கத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள், வண்டிக்கு அடியில் குனிந்து அதையும் பார்க்க வேண்டும். கரிசல் சேறு ரிம்மின் உள்ளே காய்ந்து ஒட்டிக்கொண்டால் மறுநாள் எண்பதில் ஸ்டியரிங் ஆடும், அதற்கு பேலன்சிங் கடைக்கு ஓடுவதற்கு முன்பு தண்ணீர் பீய்ச்சிக் கழுவிப் பாருங்கள்.